தடுப்பூசிக்குப் பிறகான அந்த அரை மணி நேரம்: பொது சுகாதாரத் துறை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையின் மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தில் பெரும்பகுதி குழந்தைகள் வார்டில், அதிலும் இரவுப் பணியில் போயிற்று. புதிய கட்டடமோ புதிய திட்டமோ கேட்டு இதை எழுதவில்லை. ஏற்கெனவே உங்கள் கையில் இருந்தும் வாராவாரம் வீணாகப் போகிற ஒன்றைக் கேட்கிறேன்.

புதன்கிழமை நம் தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம், அங்கன்வாடி என்று எங்கே ஊசி போட்டாலும், போட்ட பிறகு தாயையும் பிள்ளையையும் அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம். ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்க்க அது தேவைதான். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது? பிள்ளை வீறிட்டு அழுகிறது, அம்மா பால் கொடுக்கிறாள், போனைப் பார்க்கிறாள், வெளியே நிற்கும் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தால் "போகலாமா சிஸ்டர்?" என்று கேட்கிறாள். அந்த அரை மணி நேரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளைக்கு அடிபட்டாலோ, சுட்டுக்கொண்டாலோ, தொண்டையில் ஏதாவது சிக்கினாலோ முதல் பத்து நிமிடம் என்ன செய்வது என்பதை அந்த அம்மாக்களுக்குக் கையால் செய்ய வைத்துப் பழக்குங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான காரணங்கள்.

நம் மாநிலத்தின் சாதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அதில் எங்கள் உழைப்பும் இருக்கிறது. 2005 இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 37 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020 இல் அது 13 ஆகக் குறைந்தது. இன்றைக்கு வீட்டில் பிரசவம் நடந்தால் அது செய்தித்தாளில் வருகிறது. வயிற்றுப்போக்குக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி வந்துவிட்டது. பச்சிளம் குழந்தைகளுக்கென்று தனி வார்டும் தனி ஆம்புலன்ஸும் இருக்கின்றன. இத்தனை பாடுபட்டுக் கரையேற்றிய பிள்ளை, ஒன்றரை வயதில் குளியலறை வாளியில் தலைகுப்புற விழுந்து போய்ச் சேர்கிறது. அதை மட்டும் விதி என்று சொல்லி மூடிவிடுகிறோம்.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது ஊரே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு கைவிட்ட கிணறுகளை மூடச் சொல்லி உத்தரவுகள் பறந்தன. நல்லதுதான். ஆனால் வாளிக்குக் கேமரா வராது. அரை வாளித் தண்ணீர் போதும். நடை பழகும் வயதில் உடம்பைவிடத் தலை கனம். எட்டிப் பார்க்கிற பிள்ளை கவிழ்ந்தால், தண்ணீர் நிறைந்த வாளி சாய்ந்து கொடுக்காது, பிள்ளையாலும் நிமிர முடியாது. அலறல் கேட்காது. அம்மா அடுப்பில் தாளித்துக் கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அப்படிப்பட்ட பிள்ளையை எங்களிடம் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் வழியில் என்ன செய்திருப்பார்கள் என்பது கேட்காமலே எங்களுக்குத் தெரியும். காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றியிருப்பார்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுத்திருப்பார்கள். வருவது வயிற்றுத் தண்ணீர். கூடவே தின்ற சோறும் மேலேறி மூச்சுக்குழலில் இறங்கும். மூழ்கிய பிள்ளைக்கு முதலில் நிற்பது மூச்சு, அதற்குப் பிறகுதான் இதயம். இடையில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் யாராவது பிள்ளையின் வாயோடும் மூக்கோடும் வாயை வைத்து, நெஞ்சு எழும்பும் அளவுக்கு ஊதியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். முதலில் மூச்சு, அப்புறம் நெஞ்சை அழுத்துவது. இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மருத்துவர் வேண்டியதில்லை.

108 வந்த 2008க்கு முன்னால் இந்த மாநிலம் எப்படி இருந்தது என்பதைப் பார்த்தவள் நான். வாடகைக் காருக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே கை நழுவிப்போன உயிர்கள் உண்டு. அதனால் அந்த வண்டியின் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் பிராணவாயு நின்றால் மூளை நாலைந்து நிமிடங்களிலேயே கெடத் தொடங்குகிறது. எவ்வளவு வேகமாக வந்தாலும் வண்டி அதற்குள் வந்து நிற்காது. அந்த நாலைந்து நிமிடம் பாட்டியின் கையிலோ, பக்கத்து வீட்டு அக்காவின் கையிலோதான் இருக்கிறது. அந்தக் கைகளுக்கு நாம் இதுவரை எதையும் பழக்கவில்லை.

ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டு வயதுப் பெண் குழந்தை. இறக்கி வைத்த ரசச் சட்டியைப் பிடித்து இழுத்து, இடது தோளிலிருந்து மார்பு வரை வெந்து போய் வந்தாள். காயம் கண்ணுக்கே தெரியவில்லை. முதல் அடுக்கு டூத்பேஸ்ட். அதற்கு மேல், யாரோ சொன்னார்கள் என்று தோசை மாவு. வந்து சேர்வதற்குள் மாவு காய்ந்து தோலோடு பிடித்துக்கொண்டது. புண் எவ்வளவு ஆழம் என்று பார்க்காமல் டாக்டரால் எதையும் முடிவு செய்ய முடியாது. ஆகவே சலைனை ஊற்றி ஊற்றி, ஊற வைத்து, காஸ் துணியால் பொருக்குப் பொருக்காக எடுத்தோம். வெந்த தோலும் கூடவே உரிந்து வந்தது. பிள்ளையின் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எரிச்சல் அடங்கட்டும்னுதானே தாயி போட்டேன்" என்றார். அந்தம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பேஸ்டைப் போடு, மாவைப் பூசு, பேனா மையைத் தடவு என்று ஊரே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. தண்ணீரை ஊற்று என்று சொல்ல மட்டும் ஒருவரும் இல்லை.

வெறும் குழாய்த் தண்ணீர்தான். இருபது நிமிடம். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் என்பது சின்ன நேரமில்லை, அதனால்தான் எல்லாரும் இரண்டு சொம்பு ஊற்றிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். குழாய் இல்லாத வீட்டில் குடத்திலிருந்து மொண்டு மொண்டு ஊற்றலாம். ஐஸ் கூடாது. வளையல், கொலுசு, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். ஒட்டாத துணியைக் கழற்றலாம், ஒட்டியதைப் பிய்க்கக் கூடாது. வெந்த இடத்தில் தண்ணீர் ஓடும்போது மற்ற இடம் குளிர்ந்து போகாமல் போர்த்தி வைக்க வேண்டும், சின்ன உடம்பு சீக்கிரம் சில்லிட்டுவிடும். பிறகு துவைத்த சுத்தமான வேட்டித் துணியால் தளர்வாக மூடிக்கொண்டு கிளம்பலாம். சொல்லி முடிக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆகுமா?

தொண்டை அடைப்பு அப்படியில்லை. அதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்து பார்க்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால், உட்கார்ந்துகொண்டு நம் முன்கையைத் தொடை மேல் தாங்கலாக வைத்து, பிள்ளையை அதன் மேல் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தாடை எலும்பை விரல்களால் தாங்க வேண்டும், கழுத்தை நெரித்துவிடக் கூடாது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை மேட்டால் ஐந்து அடி. வரவில்லையா, அப்படியே மல்லாக்கத் திருப்பி, நெஞ்சு நடுவில், முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே ஐந்து அழுத்து. மறுபடி முதுகு, மறுபடி நெஞ்சு. பொருள் வெளியே வரும்வரை, அல்லது பிள்ளை துவண்டுபோகும்வரை. துவண்டுவிட்டால் தரையில் கிடத்தி மூச்சும் நெஞ்சழுத்தமும். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் ஐந்து, பின்னாலிருந்து கட்டிப்பிடித்து மேல்வயிற்றில் ஐந்து. ஒரு வயதுக்குக் கீழே வயிற்றை அழுத்தவே கூடாது, ஈரல் கிழிந்துவிடும். பிள்ளை இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தால் எதையும் செய்யாமல் இருமவே விட வேண்டும், காற்று போய்வருகிறது என்று அர்த்தம். சத்தமே வராமல் வாயைத் திறந்து திறந்து மூடி, உதடு நீலம் பாய்கிற பிள்ளைக்குத்தான் மேலே சொன்னதெல்லாம்.

நடைமுறையில் வீட்டில் முதலில் போவது விரல்தான். வாய்க்குள் குத்துமதிப்பாக விரலை விட்டுத் துழாவுவார்கள். மேலே நிற்கிற புளியங்கொட்டை அதோடு உள்ளே இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரிந்தால் எடு, தெரியாவிட்டால் விரலை விடாதே என்ற ஒரு வரியை எத்தனை அம்மாக்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

இன்னொன்றும் உண்டு. வேர்க்கடலை தின்னும்போது ஒருமுறை பலமாகப் புரையேறி, பிறகு சரியாகிவிட்ட மாதிரி இருக்கும் பிள்ளை, வாரக்கணக்கில் இளைப்போடும் இருமலோடும் திரியும். நுரையீரலுக்குப் போகும் குழாயில் கடலைப் பருப்பு உட்கார்ந்திருக்கும். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. நாம் வீசிங் என்று மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம், வீட்டில், சிக்கியதைத் தொக்கம் என்று சொல்லி எடுக்கிறவரிடம் கூட்டிப் போய்க் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துக்கொண்டிருப்பார்கள். குடலேற்றம் என்று வயிற்றை உருவி விடுவதும் நடக்கும். தொக்கக்காரரைத் திட்டி ஒரு பயனும் இல்லை. "அன்றைக்குப் புரையேறியதே, அதைச் சொல்லுங்கள்" என்று தாயைக் கேட்கிற பழக்கம் நமக்கும், சொல்ல வேண்டும் என்கிற நினைப்பு அவளுக்கும் வந்தால் போதும்.

சரி, இவ்வளவையும் ஒரு புதன்கிழமையில் கொட்டச் சொல்கிறேனா என்றால், இல்லை. நம் தடுப்பூசி அட்டவணையே பாடத்திட்டம் மாதிரி அமைந்திருக்கிறது. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகளுக்கு வருகிற தாய்க்குக் கட்டிலும் பாலும்தான் ஆபத்து. பிள்ளை இன்னும் புரளவில்லை என்று நம்பிக் கட்டில் ஓரத்தில் விட்டுப் போவது, படுக்க வைத்தபடியே பாலாடையில் ஊற்றுவது, மூக்கைப் பிடித்து மருந்து புகட்டுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகத் திரும்பி வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த ஊசிகளுக்குப் பிறகு காய்ச்சலுக்கென்று பாரசிட்டமால் கொடுத்தனுப்புகிறோமே, அங்கேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம். அதாவது சொட்டு மருந்து நான்கு மடங்கு அடர்த்தி. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றிக் கொடுக்கிற வீடுகள் உண்டு. அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் தாயின் கையில் அந்தச் சொட்டுக்குழாயைக் கொடுத்து, எந்தக் கோடு வரை என்று இழுத்துக் காட்டச் சொன்னால் தீர்ந்துவிடுகிற விஷயம் இது.

ஒன்பது மாத ஊசிக்கு வரும்போது பிள்ளை தவழ்கிறது, கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகிறது. தொண்டை அடைப்புப் பயிற்சி அன்றைக்குத்தான். கூடவே கற்பூரம், ஊக்கு, பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரி. கற்பூரம் சாமி சமாச்சாரம் என்பதால் யாரும் அதை விஷமாக நினைப்பதில்லை. ஒரு வில்லையே சின்னப் பிள்ளைக்கு வலிப்பை வரவழைக்கும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அரிக்கத் தொடங்கிவிடும். வாழைப்பழம் கொடுத்தால் மலத்தோடு வந்துவிடும் என்று காத்திருக்கிற சமாச்சாரம் இல்லை அது. உடனே எக்ஸ்ரே இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

ஒன்றரை வயது ஊசியில் வாளி, வெந்நீர், ஆசிட். கழிப்பறை கழுவுகிற ஆசிடைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். மண்ணெண்ணெய் புழக்கம் குறைந்த இடத்தை இப்போது இதுவும் பெயின்ட் தின்னரும் பிடித்துக்கொண்டன. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைப்பதற்காக உப்புத் தண்ணீரைப் புகட்டுவார்கள், புளியைக் கரைத்துக் கொடுப்பார்கள். இறங்கும்போது ஒருமுறை வெந்த தொண்டை, ஏறும்போது மறுபடி வேகும். மண்ணெண்ணெய் என்றால் வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்க வைக்காதே, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு வா. இந்த இரண்டும் அவர்கள் மனதில் பதிந்தால் போதும்.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் நம்மையே திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கர்ப்பிணிக்கு நாள்தோறும் ஒன்றாக 180 நாளைக்கு இரும்புச்சத்து மாத்திரை, பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாளைக்கு. சிவப்பு நிறத்தில் மிட்டாய் மாதிரியே இருக்கும். பாதிப் பேர் முழுதாகச் சாப்பிடுவதில்லை, அது அலமாரியில் கிடக்கும், மூத்த பிள்ளை எடுத்துத் தின்னும். இரும்பு விஷம் ஏமாற்றுக்கார விஷம். முதலில் வாந்தி எடுக்கும், பிறகு சில மணி நேரம் தெளிந்த மாதிரி விளையாடும், அப்புறம் ஒரேயடியாகச் சரியும். வீடு தேடி வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை தருகிற, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன், என் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். ஆனால் அதனால் பாட்டி தாத்தாவின் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இன்று வீடு வீடாக, மொத்தமாக இருக்கின்றன. சில சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றே ஒன்று போதும், இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கமாகிவிடும். அதையும் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடுவார்கள். மாத்திரை உறையைக் கையில் கொடுக்கும்போது "பேரப்பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கம்மா" என்று அதைக் கொண்டு வரும் தன்னார்வலர் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஐந்து வயது ஊசிக்கு வருகிற பிள்ளைக்குக் குளம், இருசக்கர வண்டி, சேலையில் கட்டிய ஊஞ்சல், பாம்பு. பாம்பைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருக்கும் பிள்ளையைக் கடிக்கும். வலியிருக்காது, பல் பதிந்த தடம்கூடச் சில நேரம் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழும், கண்ணிமை தொங்கும், பேச்சு குழறும். வயிற்றுவலிக்குச் சோடா வாங்கிக் கொடுத்து உட்கார்ந்திருக்கிற நேரம் இல்லை. இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது, கையையோ காலையோ அசையாமல் வைத்து நேராக விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு. சின்னப் பிள்ளை என்று விஷமுறிவு மருந்தைக் குறைத்துப் போடுகிற தவறும் நடக்கிறது. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை, பெரியவருக்கு எவ்வளவோ அவ்வளவுதான் பிள்ளைக்கும்.

இனி நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். யார் சொல்லிக் கொடுப்பது? கிராம சுகாதாரச் செவிலியரின் தலையில் இதையும் கட்டினால் அவர் ராஜினாமா எழுதிவிடுவார். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கணக்கில் வைக்கிற பிக்மி பதிவு, செயலிப் பதிவு, கொசுப்புழு, காய்ச்சல் கணக்கெடுப்பு எல்லாம் ஏற்கெனவே அவர் மேல்தான் இருக்கின்றன. அதனால் அவரைக் கேட்கவில்லை. செவிலியர் கல்லூரி மாணவிகள் சமுதாயக் களப்பயிற்சிக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வருகிறார்கள். வந்து பெரும்பாலும் சார்ட் ஒட்டி, கைகழுவுவது பற்றி நாடகம் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குப் புதன்கிழமையை ஒதுக்குங்கள். ஒழிந்த நேரத்தில் 108 அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர் வந்து உட்காரலாம், அவர்களைவிட நன்றாக யாருக்கும் இது வராது. என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறோம். சம்பளம் வேண்டாம், பேருந்துக் காசும் கூப்பிடுகிற மரியாதையும் போதும்.

விலையுயர்ந்த பயிற்சிப் பொம்மைக்கு டெண்டர் விட்டுக் காத்திருக்க வேண்டாம். திருவிழாக் கடையில் விற்கும் ரப்பர் பொம்மையும் ஒரு தேங்காய்ப்பூத் துவாலையும் இருந்தால் தொண்டை அடைப்புப் பாடம் நடத்திவிடலாம். நெஞ்சழுத்தத்துக்கு மட்டும் வட்டாரத்துக்கு ஒரு நல்ல பொம்மை இருந்தால் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தலாம். தயவுசெய்து இதற்கென்று ஒரு பதிவேடு திறந்துவிடாதீர்கள். பதிவேடு வந்த அன்றைக்கே பாடம் நின்றுவிடும், பதிவேடு மட்டும் நிரம்பும்.

புதன்கிழமை வருகிறவள் அம்மா. பகலில் பிள்ளையோடு இருப்பது பல வீடுகளில் பாட்டி. "அடுத்த ஊசிக்கு மாமியாரையும் கூட்டிட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பினால் வருவார்கள், வந்து என்ன ஏது என்று பார்க்க அவர்களுக்கும் ஆசைதான். அப்பாக்களைப் பிடிக்கத்தான் கஷ்டம். போலியோ சொட்டு மருந்து முகாம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் அங்கே கொஞ்சம் பேர் தோளில் பிள்ளையோடு வருவார்கள், அப்போது ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்கலாம். அப்புறம் திருப்பூர் பக்கமும், செங்கல் சூளைகளிலும், கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் வடமாநிலக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளும் நம் ஊசியைத்தான் போட்டுக்கொள்கின்றன. தாய் சேய் நல அட்டையின் பின்பக்கம் எழுத்தே இல்லாமல் படங்களாகப் போட்டால் எல்லாருக்கும் ஆகும்.

வீட்டில் சரியாகச் செய்து, ஓடியும் வந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வந்து சேர்கிற இடம் எப்படி இருக்கிறது? இரவில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு செவிலியர். பிரசவம் பார்க்கிற இடம் என்பதால் பச்சிளம் குழந்தைக்கான ஆம்பு பை, அதாவது கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற பை, இருக்கும். பெரியவர்களுக்கானதும் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொருந்துகிற நடு அளவுப் பையும் முகமூடியும் நான் வேலை பார்த்த பல இடங்களில் இருந்ததில்லை, இருந்தால் ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. சாவி பகல் பணிக்காரரிடம். மருந்தோ எடைக்கேற்பக் கணக்கிட்டுப் போட வேண்டியது. வலிப்பில் துடிக்கிற பிள்ளையை எந்தத் தராசில் ஏற்றுவது? வயதோடு நான்கைக் கூட்டி இரண்டால் பெருக்கினால் உத்தேசமான எடை வரும், மூன்று வயதுக்கு 14 கிலோ. ஒன்று முதல் பத்து வயது வரை எடையையும், அதற்கான வலிப்பு மருந்து, குளூக்கோஸ், பாரசிட்டமால் அளவுகளையும் பெரிய எழுத்தில் எழுதி அவசர அறைச் சுவரில் ஒட்டுங்கள். இரவு இரண்டு மணிக்கு யாருக்கும் கணக்கு வராது. சர்க்கரை நோயாளிகளுக்காக வாங்கிய குளூக்கோமீட்டர் எல்லா இடத்திலும் இருக்கிறது. மயங்கி வருகிற எந்தப் பிள்ளைக்கும் அதை முதலில் குத்திப் பார்க்க வேண்டும் என்று ஓர் அறிவுறுத்தலும் அதோடு போகட்டும்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது பற்றியும் ஒரு வார்த்தை. வாசலிலேயே "குழந்தை டாக்டர் இல்லை, ஜி.ஹெச்.சுக்குக் கொண்டு போங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பி, அந்த இருசக்கர வண்டியிலேயே அடுத்த முப்பது கிலோமீட்டர் போன பிள்ளைகளை மறுமுனையில் வாங்கியவள் நான். ஆக்சிஜன் வைத்து, சளியை உறிஞ்சி, வலிப்பை நிறுத்தி, மறுமுனைக்குப் போன் போட்டுச் சொல்லி, 108இல் ஏற்றி அனுப்ப வேண்டும். விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கான ஏற்பாடுகள் எல்லாம் உங்கள் ஒரு துறையின் கீழ் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை முதலில் வந்து இறங்குவது உங்கள் வாசலில்தான்.

ஒரே நாளில் மாநிலம் முழுக்கத் தொடங்கச் சொல்லவில்லை. ஏதாவது ஒரு சுகாதார மாவட்டத்தில், ஆறு மாதம், புதன்கிழமைதோறும் நடத்திப் பாருங்கள். பலன் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். தொடங்குவதற்கு முன்னால் ஒரு மாதமும், முடிந்த பிறகு ஒரு மாதமும், அந்த மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குத் தீக்காயத்தோடும் வெந்நீர்க் காயத்தோடும் வருகிற பிள்ளைகளில் எத்தனை பேர் பேஸ்டும் மாவும் பூசி வருகிறார்கள், எத்தனை பேர் தண்ணீர் ஊற்றிக் கழுவிய புண்ணோடு வருகிறார்கள் என்று வார்டு சிஸ்டரைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு அடுத்த மாவட்டத்தைப் பற்றி முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
குழந்தைகள் வார்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர்